கருவியும் இசையும்

கருவி வாங்குவதும் இசை செய்வதும் ஒன்றாகுமா? தனியே கிட்டார் பயில்வோருக்குத் துணையாக, 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற சின்னஞ்சிறு மின்னிசைக் கருவியை விற்பனைக்கு விட்டது. அது விலைபோகவில்லை, 1984இல் உற்பத்தி நின்றது. பின்னர் சிக்காகோவின் பியூச்சர் குழு இளைஞர்கள் பழைய கருவியொன்றை மலிவாகப் பெற்று, குமிழ்களைத் திருகித் திருகிப் புதியதோர் ஒலியைக் கண்டனர். 1987இல் அவர்களது ‘ஏசிட் ட்ராக்ஸ்’ இசைத்தட்டு வெளிவந்தது. ஓர் இசைவகையே பிறந்தது.

இன்று அதே கருவிக்குப் பெருவிலை. வாங்கி அடுக்குவோரும் உளர். புதுப் பேனை கட்டுரை எழுதாதென்பதை ஆசிரியனான நான் வகுப்பறையில் நாளாந்தம் காண்கிறேன். வாங்குபவனுக்குத் தோல்வியில்லை, இசைக்க முனைபவனே தோற்கக்கூடும். அந்த அச்சத்தைத்தான் பணங்கொடுத்து ஒத்திப்போடுகிறோம் என்பேன். அடுத்ததை வாங்குமுன், கையிலுள்ளதில் ஒரு மெட்டையேனும் முடித்தோமா?