முற்றியது வரைக்கும்

நாங்கள் இருக்கும் பகுதிக்குப் பெயர் காளவாசல்; காளவாசல் என்றால் செங்கல் சூளை. இன்று இங்கே மேம்பாலமும் தேனிப் பேருந்துகளும்தான். ஆனாலும் மாசி கழிந்ததும் எங்கள் மொட்டைமாடி ஊர்ப் பெயரைக் காப்பாற்றிவிடும். அதற்குள் சதகுப்பையை அறுத்தாக வேண்டும்.

கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய விதையை ஐப்பசியில் தூவினேன். சீரகத்தைவிடத் தட்டை, ஓரத்தில் வெளிறிய கரை. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம் என்பதால் ஆழமான தொட்டியிலேயே நேரடி விதைப்பு. கர்நாடகத்தில் இதைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கீரையாகச் சமைக்கிறார்கள். நமக்கு இது பிரசவ மருந்து. பெற்றவளுக்கு லேகியத்தில் விதை, பிள்ளைக்குக் கிரைப் வாட்டரில் இதன் எண்ணெய்.

தையில் மஞ்சள் பூ, குடைக்கம்பிகளை விரித்த மாதிரி. நடுத்தண்டின் குடைதான் முதலில் பழுப்பாகும். பக்கக் கிளைகள் அப்போதும் பச்சையாக நிற்கும். முதல் வருடம், எல்லாம் முற்றட்டும், ஒரேயடியாக அறுக்கலாம் என்று காத்திருந்தேன். ஒருநாள் காற்றில் நடுக்குடை முழுவதும் தளத்தில் உதிர்ந்துகிடந்தது. செடியிலேயே திரட்சியான விதை அதுதான்.

குனிந்து பொறுக்கும்போது அம்மா நினைவு. காய் நறுக்கிக்கொண்டே, "கருப்பட்டிப் பாகு இருக்குல்ல..." என்று லேகியப் பக்குவத்தை ஆரம்பிப்பாள். "இருங்கம்மா, லீவு போட்டு உட்கார்ந்து முழுசா எழுதிக்கிறேன்" என்பேன். அதைச் சோம்பல் என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் கைப்பக்குவத்தை அரைகுறையாகக் கேட்கக் கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவள் போன பிறகு என்னிடம் மிஞ்சியவை, நான் தடுப்பதற்குள் அவள் சொல்லி முடித்த இரண்டொரு வரிகள். பாகின் பதம் அதில் இல்லை.

இப்போது முற்றிய குடையை மட்டும் அறுக்கிறேன். விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே. வெயில் ஏறினால் கை பட்டாலே கொட்டும். பழைய தலையணை உறைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவேன். மறுவாரம் அடுத்த குடை.

மகளுக்கு ஏழாம் மாதம். நேற்றுப் போனில், "வளைகாப்புக்கு வர்றப்ப லேகியத்தை மொத்தமா சொல்லிக்குடும்மா" என்றாள்.

"எனக்கே மொத்தமும் தெரியாது. தெரிஞ்சதை இப்பவே எழுதிக்கோ. சதகுப்பை வாசம் வந்ததும் அடுப்பை அணைச்சிரு. மீதி, சட்டிச் சூட்டுலயே வறுபட்டுரும்."