நான்கு நாள் தாய்

வட அட்லாண்டிக்கின் மிதக்கும் பனிப்பாளங்களில் குட்டி ஈனும் ஹூடட் சீல், பால் கொடுப்பது 4 நாள்தான். பாலூட்டிகளிலேயே மிகக் குறுகிய காலம். பாலில் ஏறக்குறைய 60 சதவீதம் கொழுப்பு. நாளொன்றுக்கு 7 கிலோ வரை ஏறி, குட்டி அதற்குள் இரட்டிப்பாகிவிடும். அதோடு தாய் கடலுக்குள் போய்விடும். திரும்பாது. கல்நெஞ்சக்காரி என்று சொல்லலாம்தான். ஆனால் எந்த நேரமும் உடையக்கூடிய பனிமேல் சாவகாசமாகப் பால் கொடுக்க யாரால் முடியும்?

ஓர்காக்களின் கதை நேரெதிர். பசிபிக்கின் வடகிழக்குக் கரையோரம், முப்பது வயது தாண்டிய மகனும் அம்மாவை விட்டு அகலாது. 2012-இல் வெளியான ஆய்வின்படி, தாய் இறந்தபின் ஓராண்டுக்குள் அத்தகைய மகன் சாகும் அபாயம் ஏறத்தாழ 14 மடங்கு. அம்மாப்பிள்ளை என்று கேலி செய்ய வாய் வரவில்லை.

இந்த இரண்டையும்விட என்னைப் பிடித்து நிறுத்துவது, இந்தியப் பெருங்கடலின் தெற்கே ஆம்ஸ்டர்டாம் தீவில் வாழும் ஃபர் சீல். இரை தின்றால்தான் பால் ஊறும், இரையோ வெகுதொலைவில். குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் போய்வருகிறது தாய். அதுவரை குட்டி பட்டினி. திரும்பியதும் கூட்டத்துக்கு நடுவே தாய் குரல் கொடுக்க, தன் குட்டி மட்டும் ஓடிவரும். 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்கிறது: பிறந்த 2 முதல் 5 நாளுக்குள் குட்டி அந்தக் குரலைக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ளும்வரை தாய் கிளம்புவதில்லை.

"பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுட்டா வேலைக்குப் போறே?" என் அம்மாவைக் கேட்டார்கள், பிறகு என்னையும். 2017-இலிருந்து இந்தியச் சட்டம் 26 வாரம் மகப்பேறு விடுப்பு தருகிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. வாரக் கணக்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கிளம்புமுன் பிள்ளைக்கு என்ன பதிந்திருக்கிறது என்பதல்லவா விஷயம்? சீலை வைத்து மனுஷிக்கு நியாயம் பேசுகிறேன் என்பீர்கள். பேசிவிட்டுப் போகிறேன், கேட்பவர்களும் பசுவையும் கன்றையும் காட்டித்தானே கேட்கிறார்கள்.

வடபசிபிக்கின் ஃபர் சீல்களிடம் இன்னொரு விசித்திரம். நான்கு மாதத்தில் பால் மறந்துவிடும் குட்டி, 4 ஆண்டு கழித்தும் தாயின் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறதாம். பாலுமில்லை, தேவையுமில்லை. எதற்காக நினைவு வைத்திருக்கிறது?