மேற்கோளும் வாய்மையும்

ஒரு தலைவர் சொன்னதை அப்படியே அச்சிட்ட நாளிதழ் உண்மையைச் சொல்லிவிட்டதா? அவர் சொன்னார் என்பது உண்மை. சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. போராட்டச் செய்திகளில் இவ்விரண்டும் எளிதில் ஒன்றாகிவிடுகின்றன. களத்தில் நடந்ததை விசாரித்து எழுத நாள்கணக்காகும். தலைவரின் பேட்டியோ மாலைக்குள் கைக்கு வந்துவிடும்.

பிறர் சொல்லை எப்போது நம்பலாம் என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய விவாதம். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை (பிறர் சொல்) என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஏற்கிறது. நியாயம் என்னும் தருக்க மரபு உரைக்கு ஒரு நிபந்தனை வைத்தது: சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். அதாவது, பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் (அயலாருக்கும்) ஒன்றுபோலப் பொருந்தும் என்று அம்மரபின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எழுதினார். துணிச்சலான கருத்து. பதவியும் பிறப்பும் இங்கே கணக்கில் வருவதில்லை. ஊர்வலத்தில் நடந்து சென்ற ஒரு பெண் அமைச்சரைவிட மேலான ஆப்தராக இருக்கலாம்.

இதற்குத் தூத்துக்குடி ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். தொலைக்காட்சியைப் பார்த்தே நடந்ததைத் தெரிந்துகொண்டதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கூறினார். சமூக விரோதிகள் ஊடுருவினர் என்ற பேச்சும் தலைப்புச் செய்தியானது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தரப்பே அதற்குச் சாட்சியாகவும் நின்றது.

இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தூண்டுதல் ஏதும் இல்லாமலே சுடப்பட்டது என்றும், உயர் அதிகாரிகள் முதல்வருக்குத் தகவல் தெரிவித்துவந்ததால் தொலைக்காட்சி பார்த்து அறிந்ததாக அவர் சொன்னது தவறு என்றும் ஆணையம் கூறியது.

முதல்வரின் அந்தக் கூற்றை நாளிதழ்கள் வெளியிட்டிருக்கக் கூடாது என்பதில்லை. அது பதிவானதால்தான் பின்னர் அதைச் சோதிக்க முடிந்தது. ஆனால் 2018 மே மாதச் செய்தியைப் படித்த அத்தனை பேரும் நான்கு ஆண்டு கழித்து வந்த மறுப்பையும் படித்திருக்க வழியில்லை. சொன்னவர் களத்தில் இருந்தாரா, யார் சொல்லித் தெரிந்துகொண்டார், நடந்ததற்கு அவரே பொறுப்பாளியா என்பதை மேற்கோளுக்கு அடுத்த வரியில் எழுதாத செய்தி பாதிச் செய்திதான்.