மணல்மேல் ஓர் ஊர்

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறுகிறவர்களில் பலர், வழியில் இருக்கும் ஒரு குடைவரையைத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது அது. தன் விருதுப்பெயரைச் சேர்த்து, லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயரிட்டான். உள்ளே மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் நிற்கிறார். சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள்கள். தரையில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிக் காண்பது என்று சிவன் அரசனைக் கேட்டாராம். அதனால்தான் மலைமேல் இந்த இடத்தைக் கொடுத்தானாம். இன்னொரு செய்யுளில் உமைக்குக் கவலை. ஆறுகளின்மேல் ஆசை கொண்ட கணவர் காவிரியைக் கண்டால் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று, பிறந்தகத்தை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கிவிட்டாள்; இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அயல்நாட்டு அரசன் ஒருவன் சோழர் ஆற்றைத் தனதென்று கல்லில் எழுதிக்கொண்ட அரசியல் இதில் உண்டு. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இக்கோயில் ஏன் எழுந்தது என்பதற்கு அதைக் கட்டியவனே சொல்லும் காரணம் ஆறு. திருச்சியின் பழைய இடங்களை அரச வம்ச வரிசையில் படித்துப் போனால் பெயர்களும் ஆண்டுகளும்தான் கையில் மிஞ்சும். ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால், பல்லவனும் சோழனும் ஆங்கிலேயனும் ஒரே கவலையைச் சுமந்தவர்களாகத் தெரிவார்கள்.

அதே மலையின் நடுவிலிருக்கும் தாயுமானவர் கோயிலின் தலபுராணத்திலும் காவிரிதான் குறுக்கே ஓடுகிறது. பேறுகாலத்தில் தனித்திருக்கிறாள் ரத்னாவதி. அவளைப் பார்க்கப் புறப்பட்ட தாய், வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். அந்தத் தாயின் உருவில் சிவனே வந்து பேறு பார்க்கிறார். ஆறு ஊரைத் துண்டித்துவிடும்போது ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்ற பயத்தை, பாலமும் மருத்துவமனையும் இல்லாத காலத்து மக்கள் இப்படித்தான் ஒரு தெய்வத்திடம் ஒப்படைத்தார்கள்.

இந்த ஆற்றின் தன்மையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்ள, வடகிளை கொள்ளிடம் ஆகிறது. நடுவில் திருவரங்கத் தீவு. கல்லணைக்கு அருகில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் அதிகம். தண்ணீரை அதன் போக்கில் விட்டால் கொள்ளிடத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமையின் வயல்களெல்லாம், தண்ணீரின் அந்த விருப்பத்தை மனிதன் தடுத்து நிறுத்துவதால்தான் விளைகின்றன. தடுப்பதற்கு ஊன்றிக்கொள்ள அடியில் பாறையும் இல்லை. எவ்வளவு ஆழம் என்று தெரியாத மணல்.

கரிகாலன் பெயரால் நாம் போற்றும் கல்லணை அந்த மணலோடு சண்டை போடவில்லை. பெருங்கற்களைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள். அடிமணலை நீர் அரிக்க, கற்கள் தாமாகவே அமிழ்ந்தன. மேலே இன்னும் கற்களை அடுக்கினார்கள், அவையும் இறங்கின. இனி இறங்காது என்ற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அமிழ்ந்துபோனவை வீணாகவில்லை, அவையே அடித்தளம் ஆயின. முதலில் கல் போட்டவன் தன் கல்லைப் பிறகு பார்த்திருக்கவே மாட்டான்.

இன்று நாம் அங்கே காணும் மதகுகளும் பாலமும் கரிகாலன் காலத்தவை அல்ல. 1804-இல் கால்டுவெல் என்ற இராணுவப் பொறியாளர் ஆராய்ந்து அணையின் உயரத்தைக் கூட்டச் செய்தார் (தமிழறிஞர் பிஷப் கால்டுவெல் அல்லர், அவருக்கு முந்தியவர்). 1830-களில் மணல்போக்கிகள் வந்தன. அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. ‘இரண்டாயிரம் ஆண்டு பழமை’ என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த விவரம் சங்கடமாக இருக்கலாம். எனக்கோ இதனால்தான் கல்லணைமேல் மதிப்பு கூடுகிறது. ஒருவன் கட்டிவிட்டுப் போன பொருள் இவ்வளவு காலம் நின்றிருக்காது. விரிசலையும் அரிப்பையும் கண்டவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கல்லோடு வந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்குப் பெயரே இல்லை.

ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைப் புரிந்துகொண்டார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த மண்ணின் மனிதர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே பதிந்துவைத்திருக்கிறார். அந்தக் கல்வியோடு 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைத் தொடங்கினார். பிறகு கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கும் அதைக் கொண்டுபோனார். முக்கொம்பில் அவர் போட்ட கணக்குக் கூட ஆற்றின் முன்னே முழுதாக நிற்கவில்லை. கொள்ளிடத்தை அடைத்ததும் காவிரிக்குள் தண்ணீர் மிகுந்து, அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. அதனால் காவிரியின் தலைப்பிலும் கட்டுமானம் எழுப்பி, போகும் நீரை அளவுபடுத்த வேண்டியதாயிற்று. குறை கண்டு திருத்தியதால்தான் தஞ்சை வயல்கள் பிழைத்தன.

2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து கொள்ளிடத்தோடு போயின. அதே மாத வெள்ளத்தில், 1928-இல் கட்டி, போக்குவரத்திலிருந்து ஓய்வு கொடுத்திருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. அளவு மீறி மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததா, கட்டுமானத்தின் முதுமையா என்று வாதம் கிளம்பியது. அந்த வாதத்தில் எனக்கு ஒரு நிலை உண்டு. மணலை ஊன்றி நிற்கும் கட்டடத்துக்கு மணல்தான் அஸ்திவாரம். அதை லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, கட்டடத்தின் வயதைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. முதுமைதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், முதியவரைக் கவனிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தீவுக்குள் வந்தால் திருவரங்கம் கோயில். ஏழு திருச்சுற்றுகள், இருபத்தொரு கோபுரங்கள், வீதிகளும் வீடுகளும் மதிலுக்குள்ளேயே அடங்கிய ஊர். அதன் வரலாற்றை எடுத்தால், நின்ற காலம்போலவே நிலைகுலைந்த காலமும் நீளமானது. 1323-இல் தில்லிப் படை வந்தபோது, வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரும் உடனிருந்தவர்களும் அரங்கனின் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். முதிர்ந்த வயதில் அவர் வழியிலேயே உயிர் விட்டார். மூர்த்தி ஊர் ஊராக அலைந்து, 1371-இல் விசயநகரத் தலைவர் கோபணாரின் துணையால் திரும்பியது. புறப்பட்டபோது தோளில் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்த்திருப்பார்கள்? திரும்பி வரும் என்ற நம்பிக்கையை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1752-இல், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும் இதே தீவில் சிக்கிக்கொண்டபோது கோயில்களே பாசறை ஆயின. அதையும் கடந்து வழிபாடு தொடர்ந்தது.

தெற்கு வாசலில் உள்ள இராசகோபுரம் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், கல் நிலைக்கால்களும் அடித்தளமும் மட்டுமாக அது நின்றது. ஊரார் அதை மொட்டைக்கோபுரம் என்றார்கள். அதனடியில் கடை போட்டார்கள், வண்டி ஓட்டினார்கள். முடிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாமலே இன்னும் நானூறு ஆண்டுகள் போயிருக்கலாம். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர், தள்ளாத வயதில் அந்தப் பணியைத் தலைமேல் போட்டுக்கொண்டார். 1987 மார்ச் 25 அன்று, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அடிக்கல் நாட்டிய தலைமுறைக்கும் கலசம் வைத்த தலைமுறைக்கும் இடையே பேரரசுகள் வந்து மறைந்திருந்தன. பழைய அடித்தளம் மட்டும், தன்மேல் ஏறவேண்டிய பாரத்தைத் தாங்கும் வலுவோடு காத்திருந்தது. தான் பார்க்கப்போகாத உயரத்துக்கும் சேர்த்து அடித்தளம் இட்ட அந்தச் சிற்பிகளை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

கோயில்களில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி, பாலாலயம், குடமுழுக்கு. வேலை நடக்கும் காலத்தில் தெய்வ ஆற்றலை வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, கட்டடத்தை வெறும் கட்டடமாகப் பார்த்துப் பழுது தீர்க்கலாம். கட்டியது தேயும் என்பதை ஒத்துக்கொண்டு, அதற்கு நாளும் குறித்துவைத்த ஏற்பாடு இது. 2015-இல் திருவரங்கத்தில் நடந்த திருப்பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதிதாக ஒன்று கட்டியதற்காக அல்ல, இருப்பதைச் சீராக்கியதற்காக.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபுகளும் மராத்தியரும் மைசூராரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த மதிலுக்காக உயிர்களைக் கொட்டினார்கள். போர் ஓய்ந்ததும் அதைக் கவனிக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் மேலப்புலிவார் ரோடும் கீழப்புலிவார் ரோடும் போட்டார்கள். மெயின்கார்டு கேட் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பகுதியிலேயே 1766-இல் சுவார்ட்சு பாதிரியார் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நத்தர்வலி தர்கா அதைவிடப் பல நூற்றாண்டு பழமையானது. எல்லா மதத்தாரும் வந்துபோகிறார்கள். ஊரையே காக்க வந்த மதில் போய்விட்டது. யாரோ தினமும் வாசல் தெளித்து விளக்கேற்றுகிற இடங்கள் இருக்கின்றன.

உறையூருக்குப் போகாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. சோழரின் பழைய தலைநகர். மெல்லிய பருத்தித் துணிக்குக் கடல்கடந்தும் பேர் வாங்கிய ஊர். மண்மாரி பெய்து அது அழிந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வீடிழந்த மக்கள் வெக்காளியம்மனிடம் போய் நின்றார்கள். உங்களில் கடைசி ஆளுக்கும் வீடு அமையும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்றாளாம் அவள். அதனால் இன்றுவரை அவள் கருவறைக்குமேல் விதானம் கிடையாது. வெயிலும் மழையும் அவள்மேல் நேராக விழுகின்றன. தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி அவள் முன்னுள்ள சூலத்தில் கட்டிவிட்டு வருகிறார்கள் மக்கள்.

இராசகோபுரம் சூழ்நிலையால் முடியாமல் நின்றது. வெக்காளியின் கோயிலை முடிக்காமல் விட்டிருப்பதோ மனமறிந்து செய்த காரியம். மணல்மேல் நிற்கும் ஓர் ஊர் தன்னைப் பற்றி அறிந்துகொண்ட உண்மையை இவ்வளவு நேராக வேறெங்கும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வேலை முடிந்தது என்று எப்போது நினைக்கிறோமோ அப்போதிருந்து ஆறு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மகேந்திரனும் கரிகாலனும் காட்டனும் தொடங்கிவைத்தவர்கள். ஊரை இத்தனை காலம் காத்தவர்கள், வேலை இன்னும் இருக்கிறது என்று நம்பி அடுத்த கல்லைத் தூக்கிவந்தவர்கள். நமக்குக் கிடைத்த மரபு என்று எதைச் சொல்கிறோமோ, அது கட்டடங்களைவிட அந்த நம்பிக்கைதான். அதைச் சுவரொட்டியில் போட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் உழைத்துத்தான் அடையவேண்டும்.

1976-இல் திறந்த காவிரிப் பாலத்தை 2022-இல் மூடி, மாதக்கணக்கில் பழுது பார்த்தார்கள். இப்போது அதன் பக்கத்தில் புதிய பாலம் எழும்புகிறது. திறப்பு விழாவுக்கு வரப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. புதிய பாலத்தின் ஒவ்வொரு தூணடியிலும் மணல் மட்டம் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுதோறும், வெள்ளம் வருமுன்னும் வடிந்தபின்னும், அளந்து பதிய ஒருவரை இப்போதே நியமியுங்கள். அந்தப் பதிவேட்டைக் கோப்பறையில் பூட்டாமல், அம்மா மண்டபப் படித்துறையில் குளிக்க வருகிறவரும் படிக்கும்படி எழுதி வையுங்கள்.