அடுத்தவர் அளவு

லாரி என்றால் டீசல் என்பது நம்ம ஊர்க் கணக்கு. அமெரிக்காவில் 1970-களில் வந்த ஃபோர்டு, செவர்லே பிக்கப் டிரக்குகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள், கார்புரேட்டர் வைத்தவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

கடலோர லாஸ் ஏஞ்சல்ஸில் ஒழுங்காக ஓடிய ஒரு கார்புரேட்டரை செகண்ட்ஹேண்டில் வாங்கி, 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் ஒரு பழைய டிரக்கில் மாட்டுங்கள். பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அப்படியே விட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். இன்ஜின் சீக்கிரம் தேயும். கார்புரேட்டர் கெட்டுப்போச்சா? இல்லை. மேலே காற்று மெலிவு. பெட்ரோல் மட்டும் அதே அளவுக்குக் குறைவதில்லை.

பெரியவர்களின் அறிவுரையும் இப்படித்தானே? ‘நாங்க அப்படித்தான் வாழ்ந்தோம்’ என்பது பொய்யில்லை. அவர்கள் சுவாசித்த காற்றுக்கு அது சரியான அளவு. அப்படியே பிள்ளைகள் மேல் ஊற்றினால் கரிதான் மிஞ்சும்.

அதற்காகத் தூக்கி எறிவதா? நல்ல மெக்கானிக் எறிய மாட்டார். ஐட்லிங் திருகை மட்டும் திருப்பிவிட்டுக் கை கழுவவும் மாட்டார். உள்ளே இருக்கும் பித்தளை ஜெட்டைக் கழற்றி, சின்னத் துளை உள்ளதை மாட்டுவார்.

அடுத்த முறை அறிவுரை சொல்ல வாய் திறக்கும்போது யோசியுங்கள்... எதிரில் இருப்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார்?