தேவதத்தன் இரவில் உண்கிறானா?

பகற்பொழுதில் ஒரு பருக்கையும் உண்ணாத தேவதத்தன் உடல் பருத்திருக்கிறான் என்றால், அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது, அருத்தாபத்தி என்னும் பிரமாணத்துக்கு மீமாம்சகர்கள் காட்டும் பழைய உதாரணம். அவன் இரவில் உண்டதைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் கண்ட இரண்டு செய்திகள் முரண்படாதிருக்க வேண்டுமானால், காணாத மூன்றாவதொன்றை ஒப்புக்கொண்டே தீரவேண்டும்.

1998-ஆம் ஆண்டில் வானநூலார் இதே இக்கட்டில் வந்து நின்றார்கள். தொலைதூரத்துச் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரு குழுவினர், அவை எதிர்பார்த்ததினும் மங்கலாகவும், ஆகவே அதிகத் தொலைவிலும் இருக்கக் கண்டு, ஈர்ப்பினால் தளர்ந்திருக்க வேண்டிய பிரபஞ்ச விரிவு மேன்மேலும் விரைவடைகிறது என்று முடிவு செய்தார்கள். பருத்த தேவதத்தன் கண்ணெதிரே நிற்கிறான். அவனுடைய இரவு உணவுக்கு இருள் ஆற்றல் என்று பெயரிட்டு, பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அதன் பேரில் எழுதியாயிற்று. 1917-இல் ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் சேர்த்து, பிற்காலத்தில் கைவிட்ட மாறிலியே அதன் மிக எளிய வடிவம்.

பெயரிட்டதனால் மட்டும் அறிந்ததாகிவிடுமா? 'வேறு எவ்வகையிலும் பொருந்தாது' என்ற நிபந்தனையில்தான் அருத்தாபத்தியின் உயிர் இருக்கிறது. தேவதத்தன் நோயினால் வீங்கியிருக்கலாகாதா என்று ஒருவர் கேட்டால், அதற்கு விடை சொல்லியாக வேண்டும். புதிய ஆற்றல் எதுவுமில்லை, பெருந்தொலைவுகளில் ஈர்ப்பின் விதியே வேறு என்று வாதித்தவர்களின் கேள்வி அத்தகையது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும், சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்தபின், 1.7 விநாடி இடைவெளியில் பூமியை வந்தடைந்தன. ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்தினின்று மாறுபடும் என விதித்த அவர்களுடைய கொள்கைகள் பல அந்த ஒரு நிகழ்ச்சியால் வீழ்ந்தன.

எஞ்சி நின்ற மாறிலிக்கும் நிம்மதியில்லை. அரிசோனாவின் கிட் பீக் மலையில், 5,000 ஒளியிழைகளைக் கொண்டு விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்கும் டெசி கருவியின் 2025-ஆம் ஆண்டு முடிவுகள், பிற அளவீடுகளோடு சேர்த்து நோக்குங்கால், இருள் ஆற்றலே காலப்போக்கில் தளர்கிறதோ என்ற ஐயத்தை, நிச்சயமாக அன்றெனினும் வலுவாகவே, எழுப்பியிருக்கின்றன.

உலகைக் கண்டு, அதைப் படைத்தவனை ஊகிக்கும் பக்தனும் அருத்தாபத்தி வழியேதான் நடக்கிறான்; காணாததை ஏற்பதில் அவனுக்கும் விஞ்ஞானிக்கும் பேதமில்லை. எந்தச் சாட்சி வந்தால் தன் கொள்கையைக் கைவிடுவேன் என்று முன்னரே சொல்லி வைப்பதில்தான் விஞ்ஞானி வேறுபடுகிறான். தேவதத்தன் இரவில் உண்கிறான் என்று பகலிலேயே தீர்ப்பெழுதிவிட்டு உறங்கப் போகாமல், கிட் பீக் மலை மேல் அவன் வாசலை நோக்கி இரவெல்லாம் விழித்திருக்கிறான்.