இறால் மீனா?

பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பிக்கத் தனிக் கூடம் எதுவும் வேண்டியதில்லை, அடுப்படியே போதும். அரிவாள்மணையின் எதிரே அமர்ந்திருக்கும் சிறுவனிடம் ஒரு சாளையையும் ஓர் இறாலையும் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம். சாளையின் உள்ளே நடுமுள் ஓடுகிறது. மேலே செதில் இருக்கிறது. இறாலை உரித்தாலோ உள்ளே எலும்பென்று ஒன்றுமில்லை. உடலைத் தாங்கும் ஓடு வெளியே இருக்கிறது. நடக்கும் கால்களை எண்ணினால் ஐந்து இணை. ஒரு நண்டை எடுத்துக் கொடுக்கினையும் சேர்த்து எண்ணினால் அதற்கும் ஐந்து இணை. இறாலுக்கு யார் உறவு என்பதைப் பிள்ளையே சொல்லிவிடுவான். கரப்பான்பூச்சியும் கணுக்காலிகளுள் ஒன்று, ஆகவே தூரத்து உறவு என்பதைச் சாப்பாடு முடிந்த பிறகு சொல்வது நலம்!

"அப்படியானால் இறால் மீன் என்று ஏன் சொல்கிறோம், உம்மா?" என்று அவன் கேட்பான். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களில் இது வெறும் பெயர்க் கேள்விதான். கடலுயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்னும் ஹனபி வீடுகளிலோ இது உணவுத் தட்டைத் தொடும் கேள்வி. அரபு வழக்கில் இறாலும் மீனென்றே எண்ணப்பட்டதால் அது ஆகும் என்பர் ஒரு சாரார். மீனின் இலக்கணம் அதனிடம் இல்லை, தவிர்க்க வேண்டும் என்பர் மறுசாரார். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. மக்கள் எதை மீன் என்றழைத்தனர் என்பது ஒரு கேள்வி. அதன் உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்பது வேறொரு கேள்வி. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அத்தமீரி, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் தம் நூலில் ஓர் உயிரின் இயல்பையும், அதை உண்பது பற்றிய மார்க்கச் சட்டத்தையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதினார். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சவில்லை.

பாடம் இறாலோடு நிற்பதில்லை. மாடிப்படியின் கீழே பூனை தன் குட்டிகளுக்குப் பாலூட்டுகிறது. உள்ளறையில் தாய் தங்கைக்குப் பாலூட்டுகிறாள். இரண்டையும் கண்ட பிள்ளை ஒரு நாள் பள்ளிப் புத்தகத்துடன் வந்து, "மனிதனும் விலங்கா?" என்று கேட்கிறான். "சீ, அப்படிப் பேசாதே!" என்று வாயடைக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். ஆதமின் மக்களுக்கு இறைவன் அளித்த கண்ணியம் குறைந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

ஆனால் உடலைப் பற்றிய உண்மையை மறைக்க முடியாது. நம் கழுத்தில் 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் அதே 7. தொல்காப்பியரும் புல்லிலிருந்து தொடங்கிய அறிவின் வரிசையிலேதான் மனிதனை ஆறாவதாக வைத்தார். திமிங்கிலத்தை மீனினத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளுள் சேர்த்த 1758ஆம் ஆண்டுப் பதிப்பில், மனிதனையும் அவ்வகுப்பிலேயே லின்னேயஸ் வைத்தார். அவர் படைத்தவனை நம்பியவரே.

நாம் வாயடைத்தால் பிள்ளை என்ன செய்வான்? தேர்வுத் தாளில் 'பாலூட்டி' என்று எழுதுவான். வீட்டில் 'இல்லை' என்பான். இரண்டு இடத்தில் இரண்டு நாக்கு! நயவஞ்சகத்தின் முதற்பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். அதைவிட, "உடலால் நீ பாலூட்டிதான், மகனே; ஆனால் அந்தப் பூனைக்கு மறுமையில் தொழுகையைப் பற்றிய கேள்வி இல்லை, உனக்கு உண்டு" என்று சொல்லலாமே. எலும்பை எண்ணி அறிவது ஒன்று. பொறுப்பை உணர்வது மற்றொன்று.

இதற்கடுத்த கேள்வியும் வரும்: மனிதனின் உடல் எங்கிருந்து வந்தது? 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தது முதல் உலகம் விவாதித்துவரும் கேள்வி அது. 'இரண்டும் வேறு வேறு கேள்விகள்' என்னும் விடை இறாலுக்குப் போதுமானதாக இருந்தது. இங்கே அவ்வளவு எளிதில் போதாது. ஆதம் நபியின் வரலாற்றை நம்பும் நமக்கு அது கடினமான கேள்வியே. எளிதென்று பிள்ளையிடம் நடிக்க வேண்டாம். எலும்புக்கூடுகளும் பாறைப் படிவங்களும் காட்டுவதை அவனுக்குக் காட்டுவோம். நம் நம்பிக்கை இன்னதென்பதையும் சொல்வோம். இரண்டையும் வைத்துக்கொண்டு நாமும் சிந்தித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அவன் அறியட்டும்.